பவர் பேங்க் ஃபுல்லா இருக்கு, ஆனா தாலி கட்டுற நேரத்துல மானிட்டர் ஆஃப். காரணம் என்ன?

கும்பகோணம்_வீடியோ:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் ஆறு வருஷமா கல்யாண வீடியோ பண்றேன். போன வாரம் நடந்த ஒண்ணு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, காரணம் தெரியாம அடுத்த முகூர்த்தத்துக்குக் கேமரா தூக்கவே பயமா இருக்கு, அதான் கேக்கறேன்.

என்கிட்ட இருக்கிறது 7 இன்ச் ஃபீல்ட் மானிட்டர், கேமரால மாட்டிப் படம் பாக்கற தனி ஸ்க்ரீன். பின்னாடி என்பி எஃப்ங்கிற வகை வீடியோ பேட்டரி மாட்டுற பிளேட், பக்கத்துல வட்டமா டிசி சாக்கெட். ஸ்டிக்கர்ல டிசி 7-24 வோல்ட், 12 வாட்னு போட்டிருக்கு. விடியக்காலைல ஆரம்பிச்சா நலங்கு, காசி யாத்திரை, மாலை மாத்தறது, ஊஞ்சல்னு மூச்சு விட நேரம் இருக்காது, நடுவுல பேட்டரி மாத்த முடியாதுன்னு தான் 20000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒண்ணு புதுசா வாங்கினேன். அதோட யூஎஸ்பி சி-ல இருந்து டிசி பின்னுக்குப் போற 12 வோல்ட் டிரிக்கர் கேபிள், அதாவது பேங்க்கிட்ட 12 வோல்ட் கேட்டு வாங்கற கேபிள். பேங்க்கை பெல்ட் பவுச்ல வச்சு மானிட்டருக்கு மாட்டிட்டேன், பின்னாடி ஃபுல் சார்ஜ் பண்ண எஃப்750 பேட்டரியும் (என்பி எஃப்ல ஒரு சைஸ்) இருந்துச்சு. பேங்க் தீர்ந்தா பேட்டரி எடுத்துக்கும்ங்கிறது என் கணக்கு.

4.15-க்கு ஆன் பண்ணது. 6.50-க்குக் கெட்டிமேளம், மாப்பிள்ளை கையில தாலி, அந்த நேரம் பாத்து மானிட்டர் கருப்பு ஆயிடுச்சு. கேமரா ரெக்கார்ட் ஆயிட்டு தான் இருந்துச்சு, ஆனா நான் மேனுவல் ஃபோகஸ்ல இருந்தேன், மானிட்டருக்குப் படம் கொண்டு போற எச்டிஎம்ஐ வயரை மாட்டினா கேமரா ஸ்க்ரீன் அணையற மாதிரி செட்டிங். ஃபோகஸ் பின்னாடி இருக்கிற மணவறைப் பூவுக்குப் போயிடுச்சு. முதல் முடிச்சு முழுக்க அவுட். கேண்டிட் எடுத்த தம்பியோட ரெண்டாவது கேமரால இருந்து எடுத்து ஒட்டிக் கொடுத்தேன், அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்குத் தூக்கம் வரல.

புரியாத விஷயம் என்னன்னா, அப்புறம் எடுத்துப் பாத்தா பவர் பேங்க்ல நாலு லைட்டும் எரியுது! எஃப்750 மட்டும் சுத்தமா காலி. கேபிள் கழண்டிருக்கவும் இல்ல, கெட்டியா மாட்டித் தான் இருந்துச்சு. வெளி கரண்ட் இருக்கும்போது எதுக்கு உள்ள இருக்கிற பேட்டரி தீரணும்?

திருச்சி_சினிஃப்ரேம்:

ப்ரோ கஷ்டமா இருக்கு படிக்கவே. எனக்குத் தெரிஞ்சு பவர் பேங்க் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது, ஃபோனுக்கு செஞ்சது அது. பேசாம ஒரு வி மவுண்ட் பேட்டரி (சினிமா கேமராவுக்குப் போடற பெரிய பேட்டரி) வாங்கிடுங்க, சின்ன சைஸ்லயே 95 வாட் அவர் கிடைக்குது (ஒரு வாட் அவர்னா ஒரு வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டற அளவு), அதோட பக்கத்துல இருக்கிற டி டேப் சாக்கெட்ல கேபிள் போட்டு நேரா மானிட்டருக்கு கொடுங்க, கேமராவுக்கும் டம்மி பேட்டரி (பேட்டரி வடிவத்துல வர்ற வயர்) போட்டுக்கலாம். நான் ரெண்டு வருஷமா அப்படித் தான் ஓட்டறேன், ஒரு தடவை கூட அணைஞ்சதில்ல.

கோவை_சர்வீஸ்பெஞ்ச்:

வணக்கங்க. நான் கேமரா ஆள் இல்லீங்க, கோவைல எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பண்றேன், மானிட்டர், லைட்டு, ஜிம்பல்னு உங்க ஆளுங்க பொருள் நெறைய என் டேபிளுக்கு வரும். புதுசா காசு போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் மட்டும் பாத்து சொல்லுங்க.

பவர் பேங்க் பின்னாடி பொடி எழுத்துல அவுட்புட்னு இருக்கும், அதை அப்படியே எழுதுங்க. ரெண்டாவது, மானிட்டர் மூலைல வோல்ட் நம்பர் காட்டுதா, காட்டுச்சுன்னா கல்யாணத்தன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு. மூணாவது, வீட்ல டெஸ்ட் பண்ணும்போது பேட்டரியைக் கழட்டிட்டு வெறும் பவர் பேங்க்ல மட்டும் ஓட்டிப் பாத்தீங்களா?

கும்பகோணம்_வீடியோ:

உடனே பதில் போட்டதுக்கு நன்றி அண்ணா.

பேங்க் பின்னாடி: 5 வோல்ட் 3 ஆம்ப், 9 வோல்ட் 3 ஆம்ப், 15 வோல்ட் 3 ஆம்ப், 20 வோல்ட் 2.25 ஆம்ப். மொத்தம் 45 வாட்.

மூலைல நம்பர் வரும். அன்னைக்கு ஆரம்பத்துல 8-க்கு மேல, அப்புறம் 7.4 பக்கம் பாத்த ஞாபகம். அது பின்னாடி இருக்கிற பேட்டரியோட வோல்ட்டைக் காட்டுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

பேட்டரி இல்லாம டெஸ்ட் பண்ணல. ரெண்டையும் மாட்டி ஒரு பத்து நிமிஷம் ஓட்டினேன், ஓடுச்சு, அவ்வளவு தான்.

கோவை_சர்வீஸ்பெஞ்ச்:

அப்போ விஷயம் தெளிவாயிருச்சுங்க. உங்க பவர் பேங்க் அன்னைக்கு காலைல ஒரு வேலையும் செய்யல. முழுக்க ஓட்டினது எஃப்750 தான்.

எப்படின்னு சொல்றேன். யூஎஸ்பி பிடி-ல, அதாவது யூஎஸ்பி சி வழியா வோல்ட்டை ஏத்திக் கொடுக்கற பவர் டெலிவரி முறைல, பேங்க்கும் கேபிளும் முதல்ல பேசிக்கும், எனக்கு இத்தனை வோல்ட் வேணும்னு கேபிள்ல இருக்கிற சின்ன சிப் கேக்கும், பேங்க்கு கிட்ட அது இருந்தா கொடுக்கும். பிடி-ல வழக்கமான படி 5, 9, 15, 20. 12 வோல்ட்ங்கறது கம்பெனிக்காரங்க விருப்பப்பட்டா வைக்கறது, கட்டாயம் இல்லீங்க. உங்க பேங்க்ல நீங்க எழுதினதுல பாருங்க, 12 இல்லவே இல்ல. கேட்டது கிடைக்கலைன்னா சில டிரிக்கர் சிப்பு ஒரு படி இறங்கி 9 வாங்கும், சிலது நேரா 5 வோல்ட்ல உக்காந்துக்கும். உங்களோடது 5-ல உக்காந்திருக்கும்னு நினைக்கறேன்.

இப்ப மானிட்டருக்குள்ள என்ன நடக்குது? டிசி சாக்கெட்டுல இருந்து ஒரு வழி, பேட்டரி பிளேட்டுல இருந்து ஒரு வழி, ரெண்டும் ஆளுக்கொரு டயோடு (கரண்ட்டை ஒரு பக்கமா மட்டும் விடற பார்ட்) வழியா உள்ள சேருது. எந்தப் பக்கம் வோல்ட் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் தான் கரண்ட் எடுக்கும். வெளி கரண்ட்டுக்கு முன்னுரிமை கொடுக்கற அறிவெல்லாம் அதுக்குக் கிடையாதுங்க. எஃப்750 ஃபுல்லா 8.4, காலி ஆகற வரைக்கும் 6-க்கு மேல தான். பேங்க்ல இருந்து வர்றது 5. அப்போ 5 வோல்ட் பக்கம் ஒரு சொட்டு கூட ஓடாது. கரண்ட்டே எடுக்கலைன்னா கொஞ்ச நேரத்துல பேங்க்கும் தூங்கிடும். அதான் நாலு லைட்டும் அப்படியே இருந்திருக்கு.

நேரமும் ஒத்துப் போகுது. எஃப்750-ன்னா சுமார் 32 வாட் அவர், மானிட்டர் 12 வாட். ரெண்டரை மணி நேரம். 4.15-ல ஆரம்பிச்சு 6.50-ல அணைஞ்சிருக்கு. மூலைல 7.4 காட்டினதும் அதே கதை தான், உள்ள வர்ற வோல்ட் எதுவோ அதைத் தான் அது காட்டும். வெளில இருந்து 12 வந்திருந்தா 12 பக்கமா காட்டியிருக்கணும்.

நைட்டு மல்டிமீட்டர் இருந்தா டிசி பின் நடு ஊசிலயும் வெளி வளையத்துலயும் வச்சுப் பாருங்க. நடுவுல ப்ளஸ் இருக்கான்னும் அதுலயே தெரிஞ்சிரும்.

நெல்லை_ஃப்ரேம்ஸ்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு, அதையும் கேட்டுக்கறேன். என்னோடது பழைய 5 இன்ச் மானிட்டர், 12 வோல்ட் அடாப்டர்ல ஓடிட்டு இருக்கு, பின்னாடி எஃப்550 ஃபுல்லா இருக்கு. மண்டபத்துல கரண்ட் போச்சு, மானிட்டர் அப்படியே செத்துடுச்சு. பேட்டரிக்கு மாறவே இல்ல. பதட்டத்துல டிசி வயரைப் பிடுங்கினேன், உடனே ஆன் ஆயிடுச்சு. பேட்டரி நல்லா தான் இருந்திருக்கு. இது என்ன கணக்கு?

கோவை_சர்வீஸ்பெஞ்ச்:

நல்ல கேள்விங்க, இதையும் நெறைய பேர் தெரிஞ்சுக்கணும். உங்களோடது டயோடு இல்ல, சாக்கெட்டுக்குள்ளயே ஒரு தகடு சுவிட்ச் இருக்கிற வகை. பின்னை உள்ள சொருகின உடனே அந்தத் தகடு விலகி பேட்டரி லைனைக் கட் பண்ணிரும். பின்ல கரண்ட் வருதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, பின் உள்ள இருக்குதா இல்லையான்னு மட்டும் தான் தெரியும். அதான் கரண்ட் போனாலும் மாறல, பிடுங்கினதும் வந்துச்சு. இந்த வகை மானிட்டர்ல பின்னாடி பேட்டரி இருக்குதுன்னு நம்பி அடாப்டர்ல ஓட்டக் கூடாதுங்க, அது காவல் இல்ல.

எந்த வகைன்னு கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். பேட்டரி மாட்டுங்க, அடாப்டர் பின்னையும் மாட்டுங்க, மானிட்டர் ஓடட்டும், பின்னைத் தொடாம சுவர் சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணுங்க. அடாப்டர் உள்ள கொஞ்சம் கரண்ட் தேங்கி இருக்கும், ரெண்டு மூணு செகண்ட் பொறுத்துப் பாருங்க. படம் அணையாம ஓடிக்கிட்டே இருந்தா டயோடு, அணைஞ்சா சுவிட்ச். கும்பகோணத்துக்காரருக்கு அந்த டெஸ்ட்டே தேவையில்ல, பின் மாட்டியிருந்தும் பேட்டரில ஓடியிருக்குதுன்னா அது டயோடு வகை தான்.

திருச்சி_சினிஃப்ரேம்:

நான் அவசரப்பட்டு பவர் பேங்க்கைக் குறை சொல்லிட்டேன், தப்பு தான். ஆனா அண்ணா, இவ்வளவு தலைவலிக்கு வி மவுண்ட் நல்லது தானே? டிரிக்கர், பேச்சுவார்த்தை ஒண்ணும் கிடையாது, மாட்டினா கரண்ட்.

கோவை_சர்வீஸ்பெஞ்ச்:

நல்லது தானுங்க, இல்லைன்னு சொல்லல. பேச்சுவார்த்தை இல்லாததுலயே தான் அதோட ஆபத்தும் இருக்கு. டி டேப்ல வர்றது பேட்டரியோட வோல்ட் அப்படியே வருது, 14.4-னு எழுதியிருக்கும், ஃபுல் சார்ஜ்ல 16.8. மானிட்டர் ஸ்டிக்கர்ல 7-24 இருந்தா கவலை இல்ல. வெறும் 12 வோல்ட்னு மட்டும் போட்டிருக்கிற மானிட்டருக்கு அதை நேரா கொடுத்து உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் போய் என்கிட்ட வந்ததுங்க இருக்கு. அதுமில்லாம கையில வச்சு எடுக்கறவங்களுக்கு எடை. ஏற்கனவே கையில 45 வாட் பேங்க் இருக்கும்போது அவருக்கு வேண்டியது சரியான கேபிள் ஒண்ணு தான்.

மதுரை_மூத்த_கேமராமேன்:

தம்பிங்களா, 22 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஹெச்டி வர்றதுக்கு முன்னாடி டேப்ல எடுத்த ஆளு. ரெண்டு விஷயம் சொல்றேன், ரெண்டும் என் கைக்காசு போய்க் கத்துக்கிட்டது.

முதல்ல வயர் மாட்டுற வரிசை. வெளி கரண்ட் கொடுக்கறவங்க பவர் வயரை முதல்ல மாட்டணும், அப்புறம் தான் எச்டிஎம்ஐ. கழட்டும்போது எச்டிஎம்ஐ முதல்ல. நான் ஒரே பெரிய பேட்டரில கேமராவும் மானிட்டரும் ஓட்டிட்டு இருந்தேன், எச்டிஎம்ஐ மாட்டினபடியே மானிட்டரோட டி டேப்பை அவசரத்துல சொருகினேன், கேமராவோட எச்டிஎம்ஐ போர்ட் போயிடுச்சு. போர்டு மாத்த 12 ஆயிரம். பவர் வயர்ல ப்ளஸ் முதல்ல தொட்டு மைனஸ் தொடலைன்னா, கரண்ட் திரும்பிப் போக வேற வழியில்லாம எச்டிஎம்ஐ வயரோட மைனஸ் வழியா கேமராவுக்குள்ள புகுந்து போகும்னு அப்புறம் தான் ஒருத்தர் சொன்னாரு. டி டேப்பை அழுத்தினா தலைகீழாவும் போய் உக்காந்துக்கும், அதையும் பாத்துக்கங்க, இருட்டுல மாட்டாதீங்க.

இன்னொண்ணு ஆடி மாசம். ஆடியும் மார்கழியும் நமக்கு முகூர்த்தம் இல்லாத காலம், பெட்டியை மூடி பரண்ல வச்சிருவோம். ஒரு வருஷம் அப்படி பேட்டரியை மானிட்டர் பிளேட்டுலயே விட்டுட்டேன். மானிட்டர் ஆஃப்ல இருந்தாலும் துளித்துளியா இழுத்துக்கிட்டே தான் இருந்திருக்கு. ஆவணி முகூர்த்தத்துக்கு எடுத்தா மூணு பேட்டரி சார்ஜரே ஏத்துக்கல. இப்ப எல்லாத்தையும் கழட்டி, பாதி சார்ஜ்ல, 7.5 பக்கம் வச்சு, தனித்தனியா மூடி போட்டு வைக்கிறேன். ஃபுல்லாவும் வைக்கக் கூடாது, காலியாவும் வைக்கக் கூடாது. உப்பின பேட்டரி எதுவா இருந்தாலும் பாசம் பாக்காதீங்கடா, குப்பைத் தொட்டில போடாம பழைய எலக்ட்ரானிக்ஸ் வாங்கறவங்க கிட்ட கொடுத்துருங்க.

நெல்லை_ஃப்ரேம்ஸ்:

அண்ணாச்சி, வரிசை விஷயம் இன்னைக்கு தான் கேள்விப்படுதேன், ரொம்ப நன்றி. என்பி எஃப் பேட்டரி வாங்கும்போது எதைப் பாக்கணும்? எஃப்550 சைஸ்லயே 5200 எம்ஏஎச்னு ஒண்ணு ஆன்லைன்ல கிடக்கு, விலையும் கம்மி.

கோவை_சர்வீஸ்பெஞ்ச்:

அதை வாங்காதீங்க. எஃப்550 உள்ள இருக்கறது ரெண்டே செல்லு, வரிசையா இணைச்சது. எஃப்750-ல நாலு, எஃப்970-ல ஆறு. எல்லாம் 18650 சைஸ் உருளை செல்லு, அதுல நல்ல செல்லே சாதாரணமா 3500 எம்ஏஎச் வரைக்கும் தான். ரெண்டு செல்லை வரிசையா போட்டா வோல்ட் தான் ரெட்டிக்கும், எம்ஏஎச் ஏறாது. அப்போ 5200 எங்கிருந்து வரும்? ஸ்டிக்கர்ல இருந்து தான். எஃப்550-க்கு 2200ல இருந்து 3000 வரைக்கும் எழுதியிருந்தா நம்பலாம். கையில தூக்கிப் பாருங்க, ஒரு செல்லு 45 கிராம் பக்கம் இருக்கும், எஃப்970 கிட்டத்தட்ட 300 கிராம் இருக்கணும். ரொம்ப லேசா இருந்தா உள்ள செல்லு எண்ணிக்கையே கம்மி.

பவர் பேங்க்குக்கும் இதே தான், 20000-னு போட்டிருக்கிறது உள்ள இருக்கிற 3.7 வோல்ட் செல் கணக்கு. 74 வாட் அவர். வோல்ட் ஏத்தறதுல கொஞ்சம் சூடா போயிரும், கைக்கு ஒரு 60 வரும்னு வச்சுக்கோங்க. 12 வாட் மானிட்டருக்கு அஞ்சு மணி நேரம். எம்ஏஎச்சை விட்டுட்டு வாட் அவர்ல கணக்குப் போடப் பழகிக்கோங்க, 7 வோல்ட் பேட்டரியும் 3.7 வோல்ட் பேங்க்கும் 14 வோல்ட் வி மவுண்ட்டும் அப்ப தான் ஒரே தராசுல நிக்கும்.

சென்னை_வெட்டிங்ஃபில்ம்:

வாட் அவர்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, ஃப்ளைட்ல வெளியூர் கல்யாணத்துக்குப் போறவங்க கவனிங்க. 100 வாட் அவர் வரைக்கும் ஹேண்ட் லக்கேஜ்ல போகலாம், 100-ல இருந்து 160 வரைக்கும்னா ஏர்லைன் அனுமதி வாங்கணும். தனியா இருக்கிற பேட்டரி, பவர் பேங்க் எதையும் செக்-இன் பெட்டில போடவே கூடாது. சின்ன வி மவுண்ட் எல்லாம் 95, 98-னு நிக்கிறது இதுக்காகத் தான். ஸ்டிக்கர் அழிஞ்சு போச்சுன்னா செக்யூரிட்டில எடுத்து வச்சுடுவாங்க, அதனால நான் ஸ்டிக்கர் மேல டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டி வச்சிருக்கேன்.

மண்டபத்துக்குள்ள பிரைட்னஸ்ஸை 50-க்குக் கீழ இறக்குங்க, மானிட்டர் தின்கிறதுல பெரும்பகுதி பேக்லைட் தான். ஊர்வலம் வெயில்ல எடுக்கும்போது மட்டும் ஏத்திக்கலாம்.

கும்பகோணம்_வீடியோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து நைட்டே மல்டிமீட்டர் வச்சுப் பாத்துட்டேன். கோவை அண்ணா சொன்னது அச்சு அசலா சரி. டிசி பின்ல 5.1 வோல்ட். பேட்டரியைக் கழட்டிட்டு வெறும் பேங்க்ல போட்டா மானிட்டர் ஆனே ஆகல. இந்த ஒரு டெஸ்ட்டை கல்யாணத்துக்கு முதல் நாள் பண்ணியிருந்தா அந்த முடிச்சு என் கேமராவுல இருந்திருக்கும்.

இப்ப அடுத்து என்ன கேபிள் வாங்கணும், 9-ஆ 15-ஆ? மானிட்டர் 7-24 தாங்கும்ங்கிறதால 20 கூட போடலாமா? இன்னொண்ணு, மண்டபத்து பிளக்ல பேங்க்கை சார்ஜ் போட்டுக்கிட்டே அதுல இருந்து மானிட்டர் ஓட்டலாமா?

கோவை_சர்வீஸ்பெஞ்ச்:

15 வாங்குங்க. 9 வேலை செய்யும், ஆனா ஃபுல் பேட்டரி 8.4, கேபிள் நீளமா மெல்லிசா இருந்தா வழியிலயே அரை வோல்ட் போயிரும், அப்புறம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னு பேட்டரியும் கொஞ்சம் கரைய ஆரம்பிக்கும். 15-ல அந்தப் பிரச்சினை கிடையாது, கரண்ட்டும் ஒரு ஆம்ப்புக்குக் கம்மியா தான் ஓடும், வயர் சூடாகாது. 20 மானிட்டர் எல்லைக்குள்ள தான் இருக்கு, ஆனா எல்லைக்கு அவ்வளவு பக்கம் போக வேண்டிய அவசியம் இல்லீங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த 15 வோல்ட் கேபிள் மேல சிவப்பு டேப் சுத்தி 15-னு எழுதி வைங்க. ராத்திரி அவசரத்துல அதை 12 வோல்ட் எல்இடி லைட்டுலயோ டம்மி பேட்டரிலயோ யாராவது சொருகிட்டா கதை முடிஞ்சிரும்.

சார்ஜ் போட்டுக்கிட்டே ஓட்டறது வேண்டாம். மண்டபத்துல கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்போது, பேங்க்குக்கு உள்ள வர்ற கரண்ட் நின்னு திரும்ப வரும், அந்த நேரம் பல பேங்க் அவுட்புட்டையும் ஒரு கணம் நிறுத்தி முதல்ல இருந்து பேச்சுவார்த்தை நடத்தும். உங்க பின்னாடி பேட்டரி இருக்கறதால படம் அணையாது, ஆனா நெல்லைக்காரர் மானிட்டரா இருந்தா அணைஞ்சிரும். அதோட வெயில் காலத்துல மணவறை லைட்டுக்குக் கீழ பவுச்சுக்குள்ள வச்சு சார்ஜும் ஏத்தி லோடும் இழுத்தா பேங்க் நல்லா சூடாகும், உங்க இடுப்புல இருக்குதுங்க அது.

மதுரை_மூத்த_கேமராமேன்:

தம்பி, எச்டிஎம்ஐ மாட்டினாலும் கேமரா ஸ்க்ரீன் எரியற மாதிரி செட்டிங் உன் கேமரால இருக்கான்னு பாரு. இருந்தா மாத்து. கேமரா பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், பரவால்ல. பக்கத்துல இன்னொரு கண்ணு திறந்து இருக்கணும்.

கும்பகோணம்_வீடியோ:

நேத்து முகூர்த்தம் முடிஞ்சது, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். 15 வோல்ட் கேபிள், எல் மாதிரி வளைஞ்ச பின், மானிட்டர் பக்கம் வெல்க்ரோ போட்டு கட்டிட்டேன். பவர் முதல்ல, எச்டிஎம்ஐ அப்புறம். மூலைல 14.8 காட்டுச்சு, காலைல இருந்து ஒவ்வொரு சடங்குக்கும் நடுவுல அந்த நம்பரைத் தான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஊஞ்சல் அப்போ மண்டபத்துல ரெண்டு தடவை கரண்ட் போச்சு, ஒண்ணும் ஆகல. 9 மணிக்கு முடிக்கும்போது பேங்க்ல ஒரு லைட் மிச்சம், பின்னாடி எஃப்750 தொடவே இல்ல, 8.3. மதுரை அண்ணன் சொன்ன செட்டிங் என் கேமரால இருந்துச்சு, ஆன் பண்ணிட்டேன். மூணு முடிச்சும் ஷார்ப்பா இருக்கு.

முதல் கல்யாண வீட்டுக்காரங்களுக்கு இன்னொரு தடவை போன் பண்ணி, வளைகாப்பு, சீமந்தம் எது வந்தாலும் காசு வாங்காம நான் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.